விவேக விளக்கு வாங்குகிறீர்களா? முதலில் பாட்டியின் சுவிட்ச்சைப் பாருங்கள்

கோலாலம்பூரில் வேலை செய்கிறீர்கள். தீபாவளிக்கு நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கமோ சிலியாவ் பக்கமோ உள்ள தோட்டத்து வீட்டுக்குத் திரும்புகிறீர்கள். கையோடு கொண்டுபோன விவேக விளக்கை மாட்டி, கைப்பேசியில் தட்டிக் காட்டுகிறீர்கள். எல்லாருக்கும் மகிழ்ச்சி. இரவு பாட்டி வழக்கம்போல் சுவரில் சுவிட்ச்சை அடைத்துவிட்டுப் படுக்கிறார். அவ்வளவுதான், இனி கைப்பேசியில் எத்தனை முறை தட்டினாலும் விளக்கு எரியாது.

“பாட்டி, இனிமே சுவிட்ச்சை அடைக்காதீங்க!” என்று சொல்லத் தோன்றும். ஆனால், தவறு பாட்டியிடம் இல்லை.

பழைய சுவிட்ச் ஏன் ஏமாற்றுவதில்லை?

அதற்கு ஒரே வேலைதான்: மின்சுற்றை இணைப்பது, துண்டிப்பது. கரண்ட் இருந்து, பல்பும் நன்றாக இருந்தால் விளக்கு எரியும். தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் மட்டுமே கரண்ட் பார்த்த தலைமுறைக்கு, அந்தச் சுவிட்ச் மேல் அவ்வளவு நம்பிக்கை.

விவேக விளக்கின் பாதை நீளமானது. பல மாடல்களில் உங்கள் கட்டளை கைப்பேசியிலிருந்து இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போய், திரும்பி வீட்டு ரவுட்டர் வழியாக விளக்குக்கு வருகிறது. செம்பனைக்கு நடுவே லைன் பலவீனமாக இருந்தாலும், இடி மின்னலில் ரவுட்டர் பழுதானாலும் அந்தப் பாதை அறுந்துவிடும்.

நிறுவனமே மூடினால்?

அதுவும் நடந்திருக்கிறது. 2016-இல் அமெரிக்காவின் ரிவால்வ் சேவை நிறுத்தப்பட்டதும், அதன் கருவிகள் பயனற்றுப் போயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் திடீரென நின்றன. செயலி முடங்கியது. ஆனால், அவர்களின் சுவர் சுவிட்ச்சுகள் தொடர்ந்து விளக்கை எரித்தன. காரணம், அவை இணையத்தை நம்பி இருக்கவில்லை. நமக்கு வேண்டிய பாடமும் இதுதான்.

என்ன செய்யலாம்?

• முடிந்தால் விவேக பல்புக்குப் பதில் விவேக சுவிட்ச் பொருத்துங்கள். இணையம் இல்லாவிட்டாலும் சுவரில் அழுத்தினால் விளக்கு எரியும்.

• பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் வயர் இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் நியூட்ரல் தேவைப்படாத மாடலைத் தேடுங்கள். சிறிய எல்.இ.டி. விளக்குகள் அதில் மினுக்கக்கூடும் என்பதையும் கவனியுங்கள்.

• நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள். பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானால், முதலில் அனுமதி கேளுங்கள்.

• பல்புதான் வாங்கியாயிற்றா? செயலியில் ‘கரண்ட் வந்ததும் எரி’ என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். கைப்பேசியில் அணைத்திருந்தாலும், சுவர் சுவிட்ச்சை அடைத்துத் திரும்பத் தட்டினால் விளக்கு எரியும்.

• வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் ஸிக்பீ அல்லது 2022-இல் வெளிவந்த மேட்டர் தரக் கருவிகளைக் கவனியுங்கள். பெட்டியில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

• ரவுட்டருக்குச் சிறிய யு.பி.எஸ். ஒன்றும், மின்னல் பாதுகாப்புள்ள பிளக் ஒன்றும் வைப்பது நல்லது.

பின்கட்டுக்குப் போகும் வழிக்கு?

பல தோட்டத்து வீடுகளில் குளியலறையும் கழிவறையும் பின்பக்கம் இருக்கும். நடுராத்திரியில் அங்கே போகும் வயதானவருக்கு, விளக்கு எரியாவிட்டால் அது வெறும் தொல்லை இல்லை; விழுந்து எலும்பு முறியும் ஆபத்து. அந்த இடத்துக்குச் செயலியே வேண்டாம். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானாக எரியும் பேட்டரி விளக்கு போதும். வைஃபையும் வேண்டாம், வயரும் வேண்டாம்.

ஊர் திரும்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ரவுட்டரை அடைத்துவிட்டு, கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். பாட்டியைக் கூப்பிட்டு, “லைட்டைத் தட்டுங்க பாட்டி” என்று சொல்லுங்கள். எரிந்தால், நிம்மதியாக பஸ் ஏறலாம்.