தாலியும் பள்ளிச் சீருடையும்

போர்க்கால வரலாறுகளில் 14 வயது முதல் 18 வயது வரையான பெண்பிள்ளைக்குத் தனி இடம் தரப்படுவதில்லை. சிறுவர் கணக்கிலோ பெண்கள் கணக்கிலோ அவளைச் சேர்த்துவிடுகிறோம். ஆயினும் ஈழத்து வடபுலத்தில் போரின் சுமையை மிகவும் தாங்கியவர்களுள் அவளும் ஒருத்தி. அவளைக் காக்க எமது சமூகம் கையாண்ட வழிகளில் எது காத்தது, எது கைவிட்டது என்பதை நினைவிற் கொள்வது இன்றும் தேவையாகிறது.

பெண்பிள்ளை சாமத்தியப்பட்டதும் பாடசாலையிலிருந்து மறிப்பது பழைய யாழ்ப்பாணத்தின் வழமை. அந்த வழமையை முதலில் அசைத்தது விடுதிக் கல்வியே. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். மழையிரவொன்றில் வீடு திரும்ப இயலாது மிஷன் வீட்டில் தங்கிய சிறுமியர் இருவரோடு அது ஆரம்பமானதெனச் சொல்வர். 1840இல் வந்து சேர்ந்த எலிசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கு பணியாற்றினார். தாய், மகள், பேர்த்தி என மூன்று தலைமுறையினர் அவரிடம் கற்றனர். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென ஒரு கல்லூரியை நிறுவினார். இரண்டிலும் பாடத்திட்டத்துக்கு நிகரான முக்கியத்துவம் விடுதிக்கு இருந்தது. மணவயது வந்துவிட்டதென்று ஊர் பேசும் ஆண்டுகளிலும் பிள்ளை படித்துக்கொண்டிருக்க அந்தக் கூரை இடமளித்தது. 1945இல் வந்த இலவசக் கல்வி, வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் அந்த வழியைத் திறந்தது.

இவ்விரு கல்லூரிகளும் அமைந்த வலிகாமத்து மக்கள் 1995 ஒக்டோபர் 30 அன்று ஓரிரவில் பெயர்ந்தனர். தென்மராட்சிப் பாடசாலைகள் முதலில் அகதிகளின் தங்குமிடங்களாயின. பின்னர் அங்கேயே வகுப்புகள் நடந்தன. அதற்குமுன்பே, மின்சாரமும் இல்லாது மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடான காலத்தில், ஜாம் போத்தல் விளக்கொளியில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த தலைமுறை அது. பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில் பத்திரிகைப் பணிமனைக்கு வந்து குவியும் பெயர்களில் பெண்பிள்ளைகளின் பெயர்களை எண்ணிப் பார்ப்பது எனது வழக்கமாயிருந்தது. மரணச் செய்திகளே நிறைந்த பக்கங்களைத் தயாரித்த எங்களுக்கு அது ஓர் ஆறுதல்.

வன்னியில் நிலைமை வேறாயிற்று. விடுதலைப் புலிகள் சிறாரைப் படையிற் சேர்த்தமை தொடர்பாக 2003 முதல் 2008 வரை 6,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகளை ஐ.நா. சிறுவர் நிதியம் பதிவு செய்தது. 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் வான்படை வீசிய குண்டுகள் 50க்கும் மேற்பட்ட இளம்பெண்களைக் கொன்றன. அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசு. அவர்கள் உயர்தர வகுப்பு மாணவியர் என்றது சிறுவர் நிதியம். சீருடை அணிந்த பிள்ளையை மாணவியாக மட்டும் பார்க்க எவரும் ஆயத்தமாக இல்லாத காலம் அது.

பெற்றோர் தாலியை நாடினர். மணமானோர் கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து தொடக்கத்தில் விலக்குப் பெற்றமையால், 15, 16 வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் திருமணங்கள் நடந்தன. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையை உயிரோடு வைத்திருக்க வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் 1995ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி திருமண வயது 18. ஆகவே பல திருமணங்கள் பதிவாகவில்லை. கணவன் இறந்தபோதோ காணாமற் போனபோதோ, மனைவி என்று காட்ட அவளிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை. பாடசாலைக்குத் திரும்பவும் இயலவில்லை. காவலென்று நம்பிக் கட்டிய தாலி, போர் முடிந்ததும் அவளைத் தனியே விட்டது.

அதே 2009 ஆகஸ்டில், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிகளுக்குள்ளே க.பொ.த. உயர்தரப் பரீட்சை நடைபெற்றது. மூன்று மாதங்களுக்கு முன் பதுங்குகுழிகளில் இருந்த பிள்ளைகள் அங்கு விடை எழுதினர். சரணடைந்த சிறார் 594 பேர். அவர்களுள் 230 பேர் பெண்பிள்ளைகள். படிக்க விரும்பியோர் கொழும்பின் புறநகரான இரத்மலானையிலுள்ள இந்துக் கல்லூரியிற் சேர்க்கப்பட்டனர். 2010 மே மாதமளவில் யாவரும் குடும்பங்களுடன் இணைக்கப்பட்டனர். அரசின் புனர்வாழ்வுத் திட்டத்தைப் பற்றி எத்தனையோ விமர்சனங்கள் உண்டு. ஆயினும் துப்பாக்கி ஏந்திய கையில் மீண்டும் பேனாவைக் கொடுத்த அந்த ஒன்றை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

போருக்குப் பின்னர் வந்த உதவிகளில் தையல் இயந்திரங்களும் கோழிக்குஞ்சுகளும் பெரும்பங்கு வகித்தன. குடும்பப் பாரம் சுமந்த தாய்மாருக்கு அவை உதவியிருக்கலாம். 16 வயதுப் பிள்ளைக்கு அவற்றைக் கொடுப்பது, நீ இனி வீட்டிலிரு என்று சொல்வதற்கு ஒப்பானது. அவளுக்கு வேண்டியவை பாடசாலை செல்லப் பேருந்து, தூரத்துப் பிள்ளை தங்க விடுதி, இடையில் விட்ட படிப்பைத் தொடர ஒரு வகுப்பு ஆகியனவே. புலம்பெயர்ந்த பழைய மாணவியர் ஊருக்கு உதவ எண்ணும்போது, கட்டடத் திறப்பு விழாவை விட இவற்றை முதலிற் கருதுவார்களாக.

2016 முதல் கட்டாயக் கல்வி 16 வயதுவரை நீடிக்கப்பட்டுள்ளது. பொதுச் சட்டப்படி மணவயது 18. இடையிலுள்ள இரண்டு ஆண்டுகளுக்கு அவளைப் படிக்கவைக்கும் கடமை எவருக்கும் இல்லை. 1824இல் உடுவில் விடுதி தாங்கிப் பிடித்த ஆண்டுகளும் ஏறத்தாழ அவையே. 2008இல் வன்னிப் பெற்றோர் அஞ்சி நடுங்கிய ஆண்டுகளும் அவையே. அன்று தாலி கட்டப்பட்ட பிள்ளைகளுக்கு இன்று வயது முப்பதுகளில். அவர்களுடைய மகள்மார் இப்போது அதே வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள்.