அலதி: ஒரு பழஞ்சொல்லும் என் அவசரமும்

லுவியன், 3000 ஆண்டுகளுக்கும் முன்பு இன்றைய துருக்கியில் பேசப்பட்டு மறைந்துபோன மொழி. ஹிட்டைட்டுகளின் தலைநகர் ஹத்துசாவில் கிடைத்த களிமண் பலகை ஒன்றில் அம்மொழியின் பாட்டு வரி ஒன்று இருக்கிறது. விலுசா என்ற ஊரிலிருந்து சிலர் வந்ததைச் சொல்கிறது. அதில் 'அலதி' என்று ஒரு சொல். அரிதாக வருவது, பொருள் நிச்சயமில்லை.

விலுசாதான் டிராய் என்பது பல அறிஞர்களின் கருத்து. ஹோமர் டிராயைச் 'செங்குத்தான' என்ற அடைமொழியோடு பாடுவார். 1984-ல் அமெரிக்க மொழியியலாளர் கால்வர்ட் வாட்கின்ஸ் இரண்டையும் பொருத்தி, அலதி என்றாலும் 'செங்குத்தான' என்பதுதான் என்றார். டிராயைப் பற்றிய லுவியன் காவியம் ஒன்றின் தொடக்கமாக இருக்கலாம் என்றும் ஊகித்தார். வேறு சிலர் 'கடலிலிருந்து' என்று படிக்கிறார்கள்.

கடல் என்றதும் நான் துள்ளிக் குதித்தேன். நம்ம 'அலை'!

பிறகுதான் உறைத்தது. கடைசி 'தி' நம் 'இலிருந்து' போன்ற வேற்றுமை உருபு. மிச்சம் 'அல'. இரண்டெழுத்து எந்த மொழியோடும் ஒட்டும். வாட்கின்ஸ் ஒலியை நம்பவில்லை. பக்கத்திலிருந்த ஊர்ப்பெயரைப் பார்த்தார். அதுவே இன்னும் ஊகம்தான்.

வெளியூரில் வளரும் பிள்ளைகளிடம் 'எல்லாம் தமிழிலிருந்து வந்தது' என்று சொல்லிப் பெருமைப்படும் ஆள் நான். இனி கொஞ்சம் யோசித்துச் சொல்வேன்.