ஓட்டைக் குண்டானும் பேரீச்சம்பழமும்

1898-ஆம் ஆண்டில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்த காலந்தொட்டு, செம்புக்கும் பித்தளைக்கும் உரிய ஸ்தானத்தை நம் அடுக்களைகளில் மெல்ல மெல்லக் கைப்பற்றிக்கொண்ட அந்த வெள்ளை உலோகம், ஓட்டை விழுந்த பின்னரும் குப்பைக்குப் போவது அபூர்வம். பழைய சாமானுக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு தெருவில் வரும் வியாபாரி, நசுங்கிய குண்டானைக் கையில் தூக்கி எடை பார்த்து, அதற்கு ஈடாக ஒரு பிடி பழத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்.

அவர் வாங்கிச் சென்றது வெறும் தகரமன்று, சேமித்து வைத்த சக்தி என்பதே என் துணிபு. அலுமினாவிலிருந்து ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் செலவாக, பழைய பாத்திரத்தை உருக்கி வார்க்கவோ சுமார் இருபதில் ஒரு பங்கு சக்தியே போதுமாகையால், மிச்சமாகும் 13 யூனிட்டைக் கொண்டு ஒரு 40 வாட் பல்பை இரவு பகலாக 13 நாள் எரிக்கலாம். இந்தக் கணக்கு ஏதும் அறியாமலே அவர் கோணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.