பேராதனைப் பல்கலைக்கழகம்

பேராதனைப் பல்கலைக்கழகம், இலங்கையின் மத்திய மாகாணத்தில் கண்டி நகரை அடுத்து மகாவலி கங்கைக் கரையில் அமைந்த அரச வதிவிடப் பல்கலைக்கழகம். வளாகத்தை ஒட்டிய சரசவி உயன புகையிரத நிலையம் மாத்தளைப் பாதையில் உள்ளது.

இப்பல்கலைக்கழகத்தின் வேர் 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி. 1942 ஜூலை 1இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். அமைவிடம் கொழும்பா கண்டியா என்ற பூசல் நெடுங்காலம் நீடித்தது. பேராதனைக்கான இடமாற்றம் 1949இல் தொடங்கியது. 1952இல் கலைப்பீடம் வந்து சேர்ந்தது. வளாகத் திட்டத்தை பாட்ரிக் அபர்குரோம்பியும் கிளிஃபர்ட் ஹொலிடேயும் வகுத்தனர். கட்டடங்களில் ஷேர்லி டி அல்விசின் பங்கு பெரிது. முறையான திறப்புவிழா 1954இல் நடந்தது. 1972இல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் ஒரே அமைப்பின் வளாகங்களாக்கப்பட்டன. இம்மையப்படுத்தல் நிலைக்கவில்லை. 1979 தொடக்கம் இது தனிப் பல்கலைக்கழகம்.

தமிழியலில் இதன் இடம் தனித்தது. சுவாமி விபுலாநந்தர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்; அவருக்குப்பின் க. கணபதிப்பிள்ளை அப்பதவியை வகித்தார். இங்கு கற்பித்த சு. வித்தியானந்தன் 1960களில் மாணவரைக் கொண்டு நாட்டுக்கூத்துகளை நவீன மேடைக்கேற்பச் செப்பனிட்டு அரங்கேற்றினார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. தமிழ்த் தலைவர்களான இராமநாதன், அருணாசலம் ஆகியோர் பெயரில் மாணவர் விடுதிகள் உள்ளன. பல்கலைக்கழகத்தில் மருத்துவம், பொறியியல், விவசாயம், கால்நடை மருத்துவம் உள்ளிட்ட 9 பீடங்கள் இயங்குகின்றன.