கூப்பரேஜிலிருந்து நெரூல் வரை: மும்பையில் பன்னாட்டுக் கால்பந்து மைதானம் இடம்பெயர்ந்த வரலாறு

1955இல் சோவியத் யூனியன் அணி பம்பாய்க்கு வந்து, கூப்பரேஜ் மைதானத்தில் இந்தியாவை 3-0 என்று வென்றது. அதற்குப் பிறகு இந்நகரில் இந்திய அணி இன்னொரு பன்னாட்டு ஆட்டம் ஆட 61 ஆண்டுகள் ஆயின. 2016 செப்டம்பர் 3 அன்று அந்தேரியில் புவேர்ட்டோ ரிக்கோவை 4-1 என்று இந்தியா வென்றபோது, கூப்பரேஜில் அந்தப் பழைய ஆட்டத்தைப் பார்த்த சிறுவர்கள் தாத்தாக்களாகியிருந்தார்கள். அதிலிருந்து பதின்மூன்றே மாதத்தில் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையின் அரையிறுதி ஆட்டம் ஒன்று இங்கே நடந்தது.

'இங்கே' என்ற சொல்லைக் கொஞ்சம் திருத்த வேண்டும். ஆட்டம் நடந்தது தாணே உப்பங்கழிக்கு அக்கரையில், நவி மும்பையின் நெரூலில். நடந்த இடம் கிரிக்கெட்டுக்காகக் கட்டிய அரங்கம். நூறாண்டுக்கு மேல் கால்பந்து ஆடிய நகரத்தில் ஓர் உலகப் போட்டிக்கு ஏற்ற கால்பந்து மைதானம் ஏன் உருவாகவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஆட்டக்காரர்களின் திறமையிலோ ரசிகர்களின் ஆர்வத்திலோ விடையைத் தேடிப் பயனில்லை. நிலம் யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் போதும் என்பது என் கருத்து.

கூப்பரேஜ் என்ற பெயர் பீப்பாய் செய்பவர்களிடமிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கப்பல்களுக்குப் பீப்பாய் செய்த பட்டறைகள் அங்கே இருந்தன. பம்பாயின் ரோவர்ஸ் கோப்பைக் கால்பந்துப் போட்டி 1891இல் தொடங்கியது. முதலில் அது வெள்ளைக்காரப் பட்டாளங்களின் விளையாட்டு. முதல் கோப்பையும் வோர்செஸ்டர்ஷயர் ரெஜிமென்டுக்கே போனது. 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி வந்து அந்த வரிசையை உடைத்தது. 1950 முதல் 1954 வரை ஹைதராபாத் சிட்டி போலீஸ் தொடர்ந்து ஐந்து முறை கோப்பையைத் தூக்கிச் சென்றது. அந்த அணியை உருவாக்கிய சையத் அப்துல் ரஹீம்தான் பிறகு இந்திய அணியின் பயிற்சியாளரானார். அவருடைய அணி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றபோது மூன்று கோல் அடித்தவர் நெவில் டிசோசா, பம்பாய்க்காரர். பாந்த்ராவில் அவர் பெயரில் ஒரு மைதானம் இருக்கிறது.

ஆகவே ஆட்டத்துக்குக் குறைவில்லை. ஆலைகளும் கம்பெனிகளும் அணிகளை வைத்திருந்தன: டாட்டா, மஃபத்லால், ஆர்கே மில்ஸ், ஏர் இந்தியா, மகிந்திரா. நன்றாகப் பந்து உதைக்கத் தெரிந்தவனுக்கு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை தொழிலாளர் குடியிருப்புகளில் இருந்தது. ஆனால் மேற்கிந்தியக் கால்பந்துச் சங்கம் நடத்திய கூப்பரேஜ் மட்டும் வளரவே இல்லை. சுற்றிலும் கட்டிடங்கள், சாலைகள். சில ஆயிரம் பேர் உட்காரும் கேலரிக்கு மேல் எழுப்ப இடமில்லை. 2001க்குப் பிறகு ரோவர்ஸ் கோப்பை நடக்கவில்லை. 2010இல் மகிந்திரா யுனைடெட் தன் அணியைக் கலைத்தது. கூப்பரேஜில் புல்லை எடுத்துவிட்டுச் செயற்கைத் தரை விரித்தார்கள்.

அதே தென்மும்பையில் கிரிக்கெட்டுக்கு என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடலை நிரப்பி மீட்ட நிலத்தில் 1937இல் பிரபோர்ன் அரங்கம் எழுந்தது. டிக்கெட் ஒதுக்கீட்டில் வந்த தகராறு முற்றி, 1974இல் அங்கிருந்து நடந்து போகும் தூரத்திலேயே வான்கடே அரங்கம் கட்டப்பட்டது. ஒரு சண்டைக்காக ஒரு விளையாட்டுக்கு இரண்டாவது அரங்கம் கிடைத்தது! மழைக்காலம்கூடக் கால்பந்துக்கு முழுதாக விடப்படவில்லை. பொதுவாக ஜூன் பிறந்தால் கிரிக்கெட் மட்டை உள்ளே போகும், சேற்றில் பந்து உதைக்கலாம். ஆனால் மும்பையில் 1948 முதல் மழையில் ஆடுவதற்கென்றே காங்கா லீக் கிரிக்கெட் நடக்கிறது. மாட்டுங்காவில் டான் பாஸ்கோ பள்ளி போன்ற சில வளாகங்கள்தான் பிள்ளைகளுக்குக் கால்பந்துக்கான இடத்தைக் காத்து வைத்தன.

கூப்பரேஜுக்குப் பிறகு இரண்டாவது கட்டம் அந்தேரி. மாநகராட்சியின் ஷஹாஜி ராஜே போஸ்லே விளையாட்டு வளாகம் 1988இல் கட்டப்பட்டது. 1996 நவம்பர் 1 அன்று மைக்கேல் ஜாக்சன் ஆடிப் பாடியது அங்கேதான். மும்பைக்காரர்களுக்கு நெடுநாள் அந்த மைதானம் அப்படித்தான் அறிமுகம். பின்னர் அதைப் புதுப்பித்து மும்பை ஃபுட்பால் அரீனா என்று பெயர் வைத்தார்கள். 2018 ஜூன் 1 அன்று அங்கே சீன தைபே அணியை இந்தியா 5-0 என்று வென்றபோது பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் கேப்டன் சுனில் சேத்ரி, எங்களைத் திட்டவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்ற பொருளில் வீடியோவில் கெஞ்சினார். ஜூன் 4இல் கென்யாவுக்கு எதிராக, அவருடைய நூறாவது ஆட்டத்துக்கு, கேலரி நிறைந்தது. இந்தக் கதையை எல்லோரும் உருகிச் சொல்வார்கள். நிறைந்த கேலரியே ஏறத்தாழ 7,000 இருக்கைதான் என்பதை யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது கட்டத்துக்கு நிலம் அக்கரையில் தயாராகிக்கொண்டிருந்தது. 1970இல் சிட்கோ என்ற நகர்வளர்ச்சி நிறுவனம் அமைக்கப்பட்டு நவி மும்பை திட்டமிடப்பட்டது. 1992இல் ஹார்பர் லைன் ரயில் மான்குர்திலிருந்து கழியைத் தாண்டி வாஷிக்குப் போனது, பிறகு நெரூலுக்கு நீண்டது. கல்வி நிறுவனங்கள் நடத்திய அரசியல்வாதியும் பிற்பாடு திரிபுரா, பீகார் மாநிலங்களின் ஆளுநராக இருந்தவருமான டி.ஒய். பாட்டீலின் பெயரைத் தாங்கிய அரங்கம் 2008 மார்ச் 4 அன்று திறக்கப்பட்டது. கட்டிடக் கலைஞர் ஹஃபீஸ் கான்ட்ராக்டர். கூரையைத் தாங்கக் கேலரிக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. எந்த இருக்கையும் தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாது. முதல் ஐ.பி.எல். இறுதியாட்டம் அந்த ஆண்டே அங்கே நடந்தது.

இந்தப் பயணத்தின் திசையைத் தமிழர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். பிளேக் நோய்க்குப் பிறகு, 1898இல் தொடங்கிய நகர மேம்பாட்டு டிரஸ்ட் போட்ட மனைகளில் மாட்டுங்கா எழுந்தது. குமாஸ்தா வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே குடியேறின. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கின. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தாராவித் தோல் ஷாப்புகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். (அந்தத் தோல் பையாகவும் பெல்ட்டாகவும் போனது, பந்து தைப்பது ஜலந்தர்க்காரர்களின் தொழில்.) வாடகை ஏற ஏற அடுத்த தலைமுறை செம்பூருக்கும், அதற்கடுத்தது வாஷிக்கும் நெரூலுக்கும் நகர்ந்தது. கல்விச் சங்கமும் நெரூலில் கல்லூரி கட்டியது. அரங்கத்தை ஒட்டிப் போகும் நெடுஞ்சாலையின் பெயர் சயான்-பன்வேல் சாலை; அது புறப்படும் சயான், தாராவியின் வாசல். இடப் பற்றாக்குறையால் தீவிலிருந்து கிழக்கே தள்ளப்பட்டவற்றில் மனிதர்களும் உண்டு, மைதானமும் உண்டு.

2017 உலகக் கோப்பைக்கு கொல்கத்தா, டெல்லி, கொச்சி, குவாஹாத்தி, மட்காவ், நவி மும்பை என ஆறு இடங்கள். தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. 1993இல் நேரு கோப்பையை நடத்திய சென்னைக்காரர்கள் கொச்சிக்குத்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது. எந்தக் குழுவில் எந்த நாடு என்று சீட்டு எடுத்தது ஜூலை 7இல் மும்பையில்; ஆனால் இந்தியாவின் மூன்று ஆட்டங்களும் டெல்லியில் நடந்தன. நெரூலுக்குத் துருக்கி, பராகுவே, மாலி, நியூசிலாந்து வந்தன.

அக்டோபர் 25, புதன்கிழமை, மாலிக்கும் ஸ்பெயினுக்கும் அரையிறுதி, இரவு 8 மணிக்கு. நான் செம்பூரில் ஏறிய லோக்கலில் அலுவலகம் விட்டுத் திரும்பும் கூட்டத்துக்கு நடுவே ஸ்பெயின் பனியன் போட்ட பையன்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். வாஷிப் பாலத்தில் உப்புக் காற்று அடித்ததும் வழக்கம்போல எல்லோரும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தினார்கள். அரங்கத்துக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது தூரம். கால்பந்துத் தரை 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் கொண்ட செவ்வகம். கிரிக்கெட் மைதானமோ வட்டத்துக்குப் பக்கம். வட்டத்துக்குள் செவ்வகத்தைப் பதித்தால் நான்கு பக்கமும் வெற்றுப் புல் பிதுங்கி நிற்கும். கூப்பரேஜில் பக்கக்கோட்டில் நிற்பவனின் மூச்சுக்கூடக் கேலரிக்குக் கேட்கும். இங்கே முன்வரிசைக்காரனே ஆட்டத்தை எட்டி நின்றுதான் பார்க்கிறான்.

இது வெறும் அழகியல் குறை அல்ல. இரண்டாம் பாதியில் மாலி வீரர் தூரத்திலிருந்து உதைத்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே இறங்கி வெளியே வந்தது. கோட்டைத் தாண்டியதா இல்லையா? எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் எழுந்து கத்தினார்கள், பாதிப்பேர் உட்கார்ந்தபடியே 'க்யா ஹுவா?' என்றார்கள். நடுவர் கோல் கொடுக்கவில்லை. தாண்டியிருந்தது என்பதை வீட்டுக்கு வந்து டி.வி.யில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்பெயின் 3-1 என்று வென்றது. மூன்றாவது கோலை அடித்த ஃபெரான் டோரஸ் பின்னாளில் பார்சிலோனாவுக்கு ஆடினார். மற்றோர் அரையிறுதி குவாஹாத்தியில் நடந்திருக்க வேண்டியது. மழையில் புல்தரை கெட்டுப்போனதால் கடைசி நேரத்தில் கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். இறுதியில் ஸ்பெயினை இங்கிலாந்து 5-2 என்று தோற்கடித்ததும் கொல்கத்தாவில்தான். போட்டி முழுவதையும் மைதானங்களில் பார்த்தவர்கள் 13,47,133 பேர். அந்த வயதுப் பிரிவில் அதுவரை இல்லாத எண்ணிக்கை.

2022இல் இரண்டு பெண்கள் போட்டிகள் நெரூலுக்கு வந்தன. ஜனவரியில் தொடங்கிய ஆசியக் கோப்பைக்கு நெரூல், அந்தேரி, புனே பாலேவாடி என மூன்று மைதானங்கள். கடலூரின் இந்துமதி கதிரேசன் இடம்பெற்ற இந்திய அணி முதல் ஆட்டத்தில் ஈரானுடன் 0-0 என்று முடித்தது. அடுத்து ஜனவரி 23இல் சீன தைபேயுடன் ஆட வேண்டும். அதற்குள் அணிக்குள் கொரோனா புகுந்துவிட்டது. களமிறங்கத் தேவையான 13 பேர் தேறவில்லை. போட்டியை நடத்தும் நாடே விலக, பிப்ரவரி 6 அன்று தென்கொரியாவுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கியிருந்த சீனா 3-2 என்று வென்று கோப்பையை எடுத்துச் சென்றது. அக்டோபரில் 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை. ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்து, பத்துப் பன்னிரண்டு நாளில் தடையை விலக்கிக்கொண்டதால்தான் அது பிழைத்தது. இறுதியாட்டம் அக்டோபர் 30இல் நெரூலில் நடந்தது. கொலம்பியா தன் வலைக்குள் தானே போட்டுக்கொண்ட ஒற்றைக் கோலில் ஸ்பெயின் வென்றது.

இத்தனைக்குப் பிறகும் நிலைமை மாறிவிடவில்லை. மும்பை சிட்டி அணி 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் லீகில் ஆடத் தகுதி பெற்றபோது, அந்தேரியில் ஆட முடியாமல் தன் 'சொந்த மண்' ஆட்டங்களைப் புனேயில் வைத்துக்கொண்டது. சவூதியின் அல் ஹிலால் வந்தபோது மட்டும் நவம்பர் 6இல் நெரூலுக்கு வந்தது. காயத்தால் அந்த அணியின் நெய்மார் வரவில்லை, மும்பை 0-2 என்று தோற்றது. 2025 நவம்பர் 2இல் அதே அரங்கில் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றார்கள். அன்று அந்த வட்ட மைதானம் தனக்கு உரிய ஆட்டத்தைப் பார்த்தது.

அடுத்த மாதம் மெஸ்ஸி மும்பை வந்தார், ஆட அல்ல, கையசைக்க. வான்கடேயில் கூட்டம் அலைமோதியது. அங்கிருந்து கூப்பரேஜுக்கு நடந்தே போய்விடலாம்.