ஒரு தபால்தலை அளவு தோலும் நாற்பது வருஷ உழைப்பும்

இன்னைக்கு ஒரு சிறுவனோட தோலைப் பத்திப் பேசுவோம்.

2015 ஜூன், ஜெர்மனியின் போஹும் நகரம். சிரியாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தின் 7 வயசுப் பையனைத் தீக்காயப் பிரிவுல சேர்க்கிறாங்க. ஆனா அது தீக்காயம் இல்லை. நோயின் பெயர் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா. மேல்தோலைக் கீழே ஒட்டிவைக்கிற லாமினின் 332 என்கிற புரதம் அவன் உடம்புல சரியா உருவாகல. லேசா உரசினாலே கொப்புளம், புண். கிருமித்தொற்றும் சேர்ந்து, மேல்தோலில் சுமார் 80 சதவீதம் போயிடுச்சு. அப்பாவோட தோலை ஒட்டிப் பார்த்தாங்க, நிக்கல. இனி வலியை மட்டும்தான் குறைக்க முடியும்னு டாக்டர்கள் நினைச்சாங்க. பெற்றோர் விடல. வேற வழி தேடச் சொன்னாங்க.

அந்த வழி தொடங்கினது 1975ல், அமெரிக்காவின் எம்ஐடியில். ஹோவர்ட் கிரீனும் ஜேம்ஸ் ரைன்வால்டும் எலியின் கட்டி ஒன்றை ஆராயும்போது, அதில் தோல் செல்கள் வளர்வதைக் கவனிச்சாங்க. அதைத் தொடர்ந்து மனிதத் தோல் செல்லையும் ஆய்வகத்தில் வளர்த்தாங்க. 1983ல் 95 சதவீதத்துக்கும் மேல் வெந்துபோன இரண்டு சின்னப் பசங்களை, அவங்க தோலையே வளர்த்து ஒட்டிக் காப்பாத்தினாங்க.

ஆனா இந்தப் பையனுக்கு அது மட்டும் போதாது. தீக்காயம்பட்டவரின் மிச்சத் தோல் நல்ல தோல். இவனுடைய செல்லிலேயே பிழை இருக்கு. எங்க பாஷையில சொன்னா, பக் உள்ள கோடை எத்தனை காப்பி எடுத்தாலும் பக் கூடவே வரும்.

கிரீனிடம் பயின்ற இத்தாலியர் மிக்கேலே டி லூக்கா இதுக்கு வழி கண்டார். செல்லுக்குள்ள ஒரு வைரஸ் மூலமா லாம்பி3 மரபணுவின் நல்ல பிரதியை அனுப்பணும். வயதுவந்த ஒரு நோயாளியின் கால்களில் அது பலித்ததை 2006ல் வெளியிட்டிருந்தார்.

பையனிடமிருந்து எடுத்தது 4 சதுர சென்டிமீட்டர் தோல். மோதெனாவில் அதை 0.85 சதுர மீட்டராக வளர்த்தாங்க. அக்டோபர், நவம்பர், ஜனவரின்னு மூணு அறுவை சிகிச்சை. முதல்ல கை கால், அப்புறம் முதுகு, கடைசியா மிச்ச இடங்கள். 2016 பிப்ரவரியில் அவன் வீட்டுக்குப் போனான்.

மேல்தோல் சுமார் மாசத்துக்கு ஒருமுறை புதுசாகும். ஒட்டின செல்களில் பெரும்பாலானவை சில மாசத்துல உதிர்ந்துபோயின. கொஞ்சமே இருந்த நீண்டகால ஸ்டெம் செல்கள்தான் முழுத் தோலையும் தாங்குதுன்னு 2017ல் நேச்சர் இதழில் எழுதினாங்க. 5 வருஷம் கழிச்சும் அந்தத் தோல் உறுதியா இருந்ததுன்னு 2021ல் இன்னொரு அறிக்கை வந்தது.

கிரீன் 2015 அக்டோபர் கடைசியில் காலமானார். அந்த மாசம்தான் பையனுக்கு முதல் அறுவை சிகிச்சை நடந்தது.