குடிக்காதவருக்கும் கல்லீரல் கெடும்



நான் வளர்ந்த தோட்டத்தில், அடுத்த வீட்டுப் பெரியம்மா வயிறு வீங்கி, கண்கள் மஞ்சள் பூத்து இறந்தார். மருத்துவர் அதனைச் 'சிரோசிஸ்' என்றார். கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய் அது. "மறைவாகக் கள் குடித்திருப்பாள்" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் கள்ளைத் தொட்டதே இல்லை என்பதை அவருடைய பிள்ளைகள் அறிவார்கள்.

அந்தப் பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடைகள் நம்மவரின் கூலியையும் உடல்நலத்தையும் விழுங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளை எதிர்த்துப் போராடினர். மது கல்லீரலைக் கெடுக்கும் என்பது உண்மையே. மது மட்டுமே கெடுக்கும் என்று நாம் எண்ணியதுதான் பிழை.

1819ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் லென்னக், நோயுற்ற கல்லீரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்நோய்க்குச் 'சிரோசிஸ்' எனப் பெயரிட்டார். அதன் முக்கியக் காரணங்கள் சில தெளிவாக ஒன்றரை நூற்றாண்டு சென்றது. 1960களில் அமெரிக்க ஆய்வாளர் புளும்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் புதிய புரதம் ஒன்றைக் கண்டார். அது ஹெப்பாடைடிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதம் என்பது பின்னர் தெரிந்தது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. ஹெப்பாடைடிஸ் சி கிருமி 1989இல் அடையாளம் காணப்பட்டது.

பி கிருமி பிரசவத்தின்போதே தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றக்கூடும். பல்லாண்டுகள் அறிகுறியின்றி உடலில் தங்கும். அழற்சி நீடிக்க நீடிக்க, நலமான திசு இருந்த இடத்தைத் தழும்பு பிடித்துக்கொள்ளும். மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த நம்மில் பலர், ஒரு முறையேனும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நானும் செய்துகொண்டேன்.

நீரிழிவும் உடற்பருமனும் உள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்வதும் நாளடைவில் இதே தழும்பில் முடியலாம். பிள்ளைகளின் கையில் நாள்தோறும் இனிப்புப் பானத்தைக் கொடுக்கும்போது இதனையும் நினைவிற்கொள்வோம்.

பெரியம்மாவின் நோய்க்குக் காரணம் எதுவென்று ஒருவரும் தேடவில்லை. பழியை மட்டும் சுமத்தினார்கள். தேடியிருந்தால், அவருடைய பிள்ளைகளையாவது பரிசோதனைக்கு அனுப்பியிருக்கலாம். அடுத்த முறை ஒருவருக்குக் கல்லீரல் கெட்டது என்று கேள்விப்பட்டால், "குடிப்பாரா?" என்று கேட்குமுன் சற்றே நிதானிப்போம்.